நம் மலைகளுக்கு மழைதான் காலண்டர்

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சீசன் ஏப்ரல், மே. பள்ளி விடுமுறை, மலர்க் கண்காட்சி, மேட்டுப்பாளையம் தாண்டியதுமே ஊர்ந்து போகும் கார்கள். வெயிலுக்குத் தப்பி வருகிறவர்களுக்கு அது சரிதான். மலையின் பறவையையும் பூவையும் பார்ப்பதற்காக நடந்து போகிறவருக்கு மே அவ்வளவு நல்ல மாதம் இல்லை. குளிர்காலத்துக்கு வடக்கிலிருந்து வந்த பறவைகள் அநேகமாக ஊர் திரும்பியிருக்கும். மழைக்காலத்து ஓடைகளும் பாறைச் செடிகளும் இன்னும் எழுந்திருக்காது. கண்காட்சித் தொட்டிகளில் இருப்பவை பெரும்பாலும் வெளிநாட்டுப் பூக்கள். தெருவோரம் ஊதாவாகப் பூத்துக் கொட்டும் ஜக்கரண்டாகூட தென் அமெரிக்காவிலிருந்து வந்த மரம்தான்.

அப்படியென்றால் எந்த மாதம் போவது? தமிழ்நாட்டு மலைகள் எல்லாவற்றுக்கும் பொருந்துகிற ஒரே பதில் இதற்குக் கிடையாது. ஏறப்போகும் மலைக்கு எந்த மழை பெய்கிறது என்பதை முதலில் தெரிந்துகொண்டால், மற்றதில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

குளிர் நாடுகளில் வெப்பமும் பகல் நீளமும் பருவத்தைப் பிரிக்கின்றன. நீலகிரி இருப்பது நிலநடுக்கோட்டிலிருந்து 11 பாகை வடக்கே. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணி நேரம் சொச்சம்தான் வித்தியாசம். இலை உதிர்வதும் துளிர்ப்பதும், தவளை கத்துவதும், பூச்சி பெருகுவதும் பெரும்பாலும் ஈரத்தைப் பொறுத்தவை. அந்த ஈரம் நமக்கு இரண்டு திசையிலிருந்து வருகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அது மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குச் சரிவில் மோதிக் கொட்டிவிட்டு, கிழக்கே வெறும் காற்றாக இறங்குகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. இது வங்கக் கடல் பக்கமிருந்து வந்து கிழக்குச் சரிவை நனைக்கிறது.

ஒரே மாவட்டத்துக்குள்ளேயே இதைப் பார்க்கலாம். 2019 ஆகஸ்ட்டில் நீலகிரியின் மேற்குக் கோடியில் இருக்கும் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை பெய்தது. அதே நீலகிரியின் கிழக்குப் பகுதியில், குன்னூர், கேத்தி பக்கம், பெரும் மண்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தது 2009 நவம்பரில். அவலாஞ்சிக்கும் குன்னூருக்கும் நேர்கோட்டில் 25 கிலோமீட்டர் அளவுதான் இருக்கும். ஒன்றுக்கு ஆகஸ்ட் ஆபத்தான மாதம், மற்றொன்றுக்கு நவம்பர். மனிதர்களுக்கே கணக்கு இப்படி மாறுகிறதென்றால், ஈரத்தை நம்பி முட்டையிடுகிற உயிர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இதற்கு என் கண்ணில் மிக அழகான சாட்சி, பெரும்பாலான நடையர்கள் வாழ்நாளில் பார்க்க வாய்ப்பில்லாத ஊதாத் தவளை. பன்றி மூக்கு போன்ற கூரிய முகம், உப்பிய ஊதா உடம்பு. ஆண்டு முழுக்க மண்ணுக்கடியில் கரையான் தின்று வாழும். இனப்பெருக்கத்துக்காக மட்டும் சில நாட்கள் வெளியே வரும். 2003இல் கேரளத்திலிருந்து இது அறிவியல் உலகுக்கு அறிமுகமானபோது பெரிய பரபரப்பு. காரணம், இதன் மிக நெருங்கிய உறவுக்காரத் தவளைகள் இந்தியப் பெருங்கடலுக்கு அப்பால் செஷல்ஸ் தீவுகளில் இருக்கின்றன. இந்தியாவும் செஷல்ஸும் ஒட்டியிருந்த தொல் நிலப்பரப்பு பிரிந்த காலத்திலிருந்து தொடர்ந்து வரும் வம்சம் அது. மேற்குச் சரிவில் வாழும் அந்த இனம், தென்மேற்கு மழை தொடங்குவதை ஒட்டி வெளியே வந்து இணை சேர்கிறது.

2017இல் இரண்டாவது இனம் ஒன்று விவரிக்கப்பட்டது. கிடைத்த இடம் மலையின் கிழக்குச் சரிவு, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம். ஊர்வன ஆய்வாளர் பூபதியின் நினைவாக அதற்குப் பெயர் வைத்தார்கள். உருவத்தில் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். ஆனால் இது இணை சேர வெளியே வருவது அக்டோபரை ஒட்டி, வடகிழக்கு மழையோடு. மேற்கே உள்ளது மே, ஜூனில் காரியத்தை முடித்துவிட்டு மண்ணுக்குள் போய்விடும். கிழக்கே உள்ளது அப்போது மண்ணுக்குள்ளேயே இருக்கும். நடுவில் மலை முகடும் இருக்கிறது, காலமும் ஒத்துவரவில்லை. இரண்டும் சந்திப்பதற்கு வழியே இல்லை.

சதுரகிரிக்கு அமாவாசைக்கு ஏறுகிறவர்கள் நடப்பது இந்தக் கிழக்குச் சரிவில்தான். தவளை கண்ணில் படாது. ஆனால் அதே கடிகாரம் வழியெங்கும் ஓடுகிறது. ஆடி அமாவாசைக்குப் போகிறவர்களில் பலர், தொலைக்காட்சியில் கேரள மழையைப் பார்த்துவிட்டு இங்கும் பச்சை பொங்கும் என்று நினைக்கிறார்கள். இந்தப் பக்கம் அப்போது பல ஓடைகளில் பாறைதான் தெரியும். அதே பாதையை ஐப்பசி, கார்த்திகையில் பார்த்தால் வேறு மலை. அந்த நேரத்தில் ஓடை பொங்கினால் பாதையை மூடிவிடுவார்கள் என்பது வேறு விஷயம். பழைய தமிழ்ப் பெரும்பொழுதுக் கணக்கில் ஆனியும் ஆடியும் முதுவேனில், ஆவணியும் புரட்டாசியும் கார். கிழக்கே நின்று பார்த்தால் இந்தக் கணக்கு ஓரளவு பொருந்துகிறது. வால்பாறை சின்னக்கல்லாரில் நின்று ஆடி மாதத்தை வேனில் என்று சொன்னால் குடைக்குள்ளிருந்து சிரிப்பார்கள்.

பட்டாம்பூச்சிகள் இந்த இரண்டு மழையையும் வைத்தே பயணம் போகின்றன. நீல வரியன், கருநீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் போன்றவை தென்மேற்கு மழை வலுப்பதற்கு முன், ஏப்ரல் முதல் ஜூன் வாக்கில், மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டுக் கிழக்குச் சமவெளிக்கும் ஏற்காடு, கொல்லிமலை, பச்சைமலை பக்கத்துக்கும் வருகின்றன. அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழையை ஒட்டி மறுபடி மேற்கே போகின்றன. எந்தப் பக்கம் மழை அடித்துப் பெய்யப்போகிறதோ, அந்தப் பக்கத்தை விட்டு விலகுவது என்று சுருக்கமாகச் சொல்லலாம். மலைச்சாலையில் ஒரே திசையில், தலை உயரத்தில், நிமிடத்துக்குப் பத்து இருபது என்று பட்டாம்பூச்சிகள் கடந்தால் அது தற்செயல் அல்ல. திசையையும் தேதியையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வழியில் கிலுகிலுப்பைச் செடி இருந்தால் நின்று பாருங்கள். காய்ந்த தண்டில்கூட நூற்றுக்கணக்கில் மொய்த்திருக்கும். அதிலிருந்து உறிஞ்சும் ஒருவகை நச்சுப் பொருளைக் கொண்டுதான் ஆண்கள், பெண்ணை ஈர்க்கும் வாசனையைத் தயாரிக்கின்றன. அதே பொருள் பறவைகளுக்கு அவற்றைக் கசப்பாக்கவும் செய்கிறது.

வலசைப் பறவைகள் விஷயத்தில் மட்டும் நம் மழைக்கு அதிகம் வேலையில்லை. அவை வடக்கே கோடை முடிவதைப் பார்த்துப் புறப்படுகின்றன. முதலில் வந்து சேர்வோரில் ஒன்று சாம்பல் வாலாட்டி. ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் தொடக்கத்திலேயே மலைச்சாலைக் கலுங்குகளிலும் ஓடைக்கற்களிலும் மஞ்சள் அடிவயிறோடு வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும். அப்போது அவலாஞ்சியில் மழை ஓயாமல் இருக்கலாம், கிழக்கே மழையே தொடங்காமல் இருக்கலாம், அதற்குக் கவலையில்லை. இதனால் வாலாட்டி வந்த தேதியைப் பதிவு செய்வது பயனுள்ள வேலை. நம்மூர் வானிலையின் குழப்பம் கலக்காத தேதி அது.

அடுத்து ஆறுமணிக் குருவி. பச்சை, நீலம், சிவப்பு, மஞ்சள் என்று உடம்பில் இத்தனை நிறமிருந்தும், சருகில் நடந்தால் கண்ணுக்குத் தெரியாது. விடியலிலும் அந்தியிலும் இரண்டு சுரத்தில் சீழ்க்கை அடிப்பதை வைத்துத்தான் இருப்பதே தெரியும். இமய அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, இரவில் பறந்து தெற்கே வருகிறது. செப்டம்பர், அக்டோபரில் களைத்துப்போய் வீட்டு மாடியிலும் பள்ளிக்கூடத் தாழ்வாரத்திலும் விழுந்து கிடப்பது இதுதான். அப்படிக் கிடைத்தால் ஓர் அட்டைப்பெட்டியில் இருட்டாக, அமைதியாக வைத்திருந்துவிட்டு, தெம்பு வந்ததும் பக்கத்து மரத்தடியில் விட்டாலே போதும்.

காஷ்மீர் ஈப்பிடிப்பானை நான் இன்னும் கொஞ்சம் உயர்த்திச் சொல்வேன். காஷ்மீரையும் வடமேற்கு இமயத்தையும் சுற்றிய சிறிய பகுதியில் மட்டும் கூடு கட்டுகிறது. குளிர்காலத்துக்கு நீலகிரி போன்ற தென்னிந்திய உயர்மலைகளுக்கும் இலங்கையின் மத்திய மலைநாட்டுக்கும் வருகிறது. நுவரெலியாவின் விக்டோரியா பூங்காவுக்கு உலகெங்குமிருந்து பறவை நோக்குவோர் வருவதற்கு ஒரு காரணம் இந்தக் குருவிதான். ஊட்டியில் மரங்கள் நிறைந்த பழைய தோட்டங்களின் ஓரமே இதற்குப் போதும். கூட்டமாகப் படம் எடுத்துவிட்டுப் போகிறவர்களின் தலைக்கு மேலே, உலக அளவில் அழியும் அபாயத்தில் உள்ள ஒரு பறவை உட்கார்ந்து ஈ பிடித்துக்கொண்டிருக்கலாம்.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் குளிர்காலத்தில் கொடிக்கால் வாலாட்டியைத் தேடலாம். மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்ட, இது மட்டும் உடம்பையே பக்கவாட்டில் அசைக்கும். புதர்களில் 'டிக், டிக்' என்று யாரோ நாக்கைத் தட்டுவதுபோல் கேட்டால் பிளித் நாணல் கதிர்க்குருவி. இலை நிறத்திலேயே இருக்கும் கதிர்க்குருவிகளைக் கண்ணால் பிரித்தறிவது ஆரம்பத்தில் வெறுப்பேற்றும். காதால் தொடங்குவது எளிது.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை காட்டில் இன்னொன்று நடக்கும். அரை மணி நேரம் ஓர் இறகுகூட அசையாது. திடீரென்று மின்சிட்டு, பட்டாணிக் குருவி, கரிச்சான், மரங்கொத்தி, ஈப்பிடிப்பான் என்று பத்துப் பன்னிரண்டு இனம் ஒரே மரத்தில் வந்து இறங்கும். ஐந்து நிமிடத்தில் போய்விடும். இதைக் கலப்புக் கூட்டம் என்கிறார்கள். கூடு கட்டும் வேலை இல்லாத காலத்தில் எல்லைச் சண்டை குறைவு. பல கண்கள் இருந்தால் வல்லூறு வருவது முன்னதாகத் தெரியும். ஒன்று கலைத்த பூச்சியை இன்னொன்று பிடிக்கும். கூட்டத்தில் இருக்கும் கரிச்சான், சில நேரம் பொய்யாக ஆபத்துக் குரல் கொடுத்து, மற்றது போட்டுவிட்டு ஓடும் பூச்சியைத் தூக்கிக்கொள்ளும். இந்தக் கூட்டத்தைத் துரத்தி நடப்பது வீண். அது போகும் திசைக்குக் கொஞ்சம் முன்னால் போய் நின்றுகொண்டால் தானாக வரும்.

இவ்வளவையும் சொல்லும்போது ஒரு குறை தெரிகிறது. பறவை பார்க்கிறவர்கள் பெரும்பாலும் குளிர்காலத்தில் போகிறார்கள். அதனால் மலை என்றாலே விருந்தாளிகளின் பட்டியலாகிவிடுகிறது. மலையின் சொந்தக்காரர்கள் தங்கள் முக்கிய வேலைகளை வேறு மாதங்களில் வைத்திருக்கிறார்கள். சீகாரப் பூங்குருவியை எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் ஓடைப்பாறையில் கறுப்பாக, நெற்றியில் நீலத் தீற்றலோடு, பெரிதாக ஒன்றும் பேசாமல் நிற்கும். கோடை மழை விழத் தொடங்கியதும் பாட ஆரம்பிக்கும். தென்மேற்கு மழையில், அருவிச் சத்தத்துக்கும் மேலே, வேலைவெட்டி இல்லாத பையன் ஒருவன் ராகம் மறந்து சீட்டி அடிப்பதுபோல் நீளமாகப் பாடும். ஓடையை ஒட்டிக் கூடு கட்டி, மழையில் வெளிவரும் நண்டும் மண்புழுவும் பூச்சியும் ஊட்டிக் குஞ்சு வளர்க்கும். அட்டைக்கடிக்குப் பயந்து ஜூலையில் மலையேறாதவர் இதைக் கேட்கவே முடியாது. காலுறைக்கு மேல் அட்டைக்கான நீண்ட துணியுறையும் கொஞ்சம் உப்பும் இருந்தால் அட்டை அப்படி ஒன்றும் பெரிய எதிரி இல்லை. பாசிப் பாறையில் பூக்கும் காட்டுக் காசித்தும்பைகளும் அந்த மாதங்களுக்கே உரியவை.

இருவாச்சி நேர் எதிர். மழைக்கு முந்தைய வறண்ட மாதங்களில்தான் அதன் குடும்ப வாழ்க்கை. ஜனவரி வாக்கில் பெண் ஒரு பெரிய மரப்பொந்துக்குள் புகுந்து, தன் எச்சத்தாலேயே வாசலை அடைத்து, அலகு நீட்டும் அளவு பிளவை மட்டும் விட்டுவைக்கும். மூன்று மாதத்துக்கு மேல் உள்ளேயே இருக்கும். ஆண் அத்திப்பழமாகக் கொண்டுவந்து ஊட்டும். ஆனைமலைக் காடுகளில் பழம் மிகுதியாகக் கிடைப்பது இந்த மாதங்களில் என்பதால் கணக்கு சரியாக இருக்கிறது. வால்பாறையில் தேயிலைக்கு நடுவே விட்டுவைத்த காட்டுத் துண்டுகளில்கூட இந்தப் பறவைகள் வந்து போகின்றன. பழமரமும் பொந்துள்ள முதுமரமும் எங்கே மிச்சமிருக்கிறதோ அங்கே.

வரையாட்டுக்கும் இதே கணக்குதான். மழைக்காலத்தில் இணை சேர்ந்து, ஆறு மாதம் போல் சுமந்து, ஜனவரி, பிப்ரவரி வாக்கில் குட்டி போடுகிறது. மூணாறு பக்கத்து இரவிகுளம் தேசியப் பூங்காவை வழக்கமாக பிப்ரவரி, மார்ச்சில் மூடுவது இதற்காகத்தான். ஆழியாறு, வால்பாறை சாலையின் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவுப் பக்கம் வரையாடு காரோரம் நிற்பதைப் பார்த்து, பிஸ்கட் நீட்டும் ஆட்கள் இருக்கிறார்கள். உப்புக்குப் பழகிப்போய்ச் சாலைக்கு வரும் ஆடு, வண்டியில் அடிபடுவதற்கும் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

தை முதல் பங்குனி வரை மரங்களைப் பார்ப்பதற்கான காலம். உயர்மலையில் இரவில் உறைபனி விழுந்து புல்வெளி பழுப்பாகிக் கிடக்கும்போது, காட்டுப்பூவரசு செக்கச்செவேலென்று பூக்கும். இமயமலையின் ரோடோடென்ட்ரானுக்குத் தென்னிந்தியாவில் இருக்கும் ஒரே நெருங்கிய சொந்தம் இது. அடிவாரத்தில் முள்ளிலவு இலையெல்லாம் உதிர்த்துவிட்டு மொட்டை மரத்தில் பூப்பதால், தேன் குடிக்க வரும் மைனா, கரிச்சான், பச்சைச் சிட்டு எல்லாவற்றையும் மறைப்பில்லாமல் பார்க்கலாம். ஒரு இலவு மரத்தடியில் காலை இரண்டு மணி நேரம் உட்கார்வது, பத்துக் கிலோமீட்டர் நடப்பதைவிட லாபம். சோலைக்காட்டு மரங்கள் கோடை மழைக்கு முன்பே செம்பு நிறத்தில் துளிர்விடும். இலை தின்னும் பூச்சிகள் மழையோடு பெருகுவதற்குள் இளந்தளிர் முற்றிவிடுவது அதற்கு நல்லது.

இதே மாதங்கள்தான் காட்டுத்தீயின் மாதங்களும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களில் 20க்கும் மேற்பட்டோர் தீயில் சிக்கி இறந்தார்கள். அதன்பிறகு தீக்காலத்தில் மலையேற்றத்துக்குத் தடை போடுவது வழக்கமாகிவிட்டது. வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் 2024இல் 40 பாதைகளோடு தொடங்கியது. அதுவும் தீக்காலத்தில் நிற்கும். ஆனால் வெள்ளியங்கிரி மலை பக்தர்களுக்காக பிப்ரவரி முதல் மே வரை திறந்திருக்கிறது. ஏழு மலையையும் இரவோடு இரவாக ஏறிவிட்டு வெயிலுக்கு முன் இறங்கிவிடுகிறார்கள். இறங்கும்போது விடிந்துவிடுவதால், அந்த இறக்கத்தை மெதுவாக வைத்துக்கொண்டால் சோலையும் புல்வெளியும் மாறி மாறி வருவதை நன்றாகப் பார்க்கலாம்.

குறிஞ்சியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வார்கள். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கிறது. 2006, 2018, அடுத்து 2030. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை பூத்து, விதை போட்டு, செடி செத்துவிடும். மொத்தமாக ஒரே ஆண்டில் பூப்பதால், விதை தின்னிகள் எவ்வளவு தின்றாலும் தின்று தீராமல் மிச்சம் முளைக்கும் என்பது ஒரு விளக்கம். நடுநடுவே 'குறிஞ்சி முன்கூட்டியே பூத்தது' என்று செய்தி வரும். குறிஞ்சிக் குடும்பத்தில் பல இனங்கள் இருக்கின்றன. ஆண்டுதோறும் பூப்பவை உண்டு, வெவ்வேறு இடைவெளியில் பூப்பவை உண்டு. ஒரே இனத்துக்குள்ளும் மலைக்கு மலை ஆண்டுக்கணக்கு மாறுவதுண்டு. ஆகவே அந்தச் செய்தியைப் பார்த்து உடனே பருவநிலை மாற்றம் என்று முடிவு கட்ட வேண்டாம். எந்த இனம், எந்தச் சரிவு என்று கேட்டுவிட்டுப் பேசலாம்.

இந்தக் காலண்டரைக் கலைத்துப்போடுவது, வெளிநாட்டிலிருந்து வந்து பரவிய உண்ணிச்செடி (லன்டானா). வருடம் முழுக்கப் பூத்துக் காய்க்கிறது. கொண்டைக்குருவிக்கு எப்போதும் பழம், பட்டாம்பூச்சிக்கு எப்போதும் தேன். பார்க்க நன்றாக இருப்பதால் பலர் அதையே காட்டுப்பூ என்று படம் எடுக்கிறார்கள். அதன் அடியில் மழைக்கு முளைக்க வேண்டிய புல்லும் செங்காந்தளும் மூச்சுமுட்டிக் கிடக்கும். உயர்மலைப் புல்வெளியில் இதே வேலையை, வாட்டில் எனப்படும் வெளிநாட்டுச் சீகை மரம் செய்கிறது. புல்வெளி மூடிப்போனால் நீலகிரி நெட்டைக்காலி போன்ற பறவைக்குப் போக வேறு இடமில்லை.

பார்ப்பதற்கான உபகரணம் பெரிதாக ஒன்றும் வேண்டாம். நடுத்தர விலையில் ஒரு பைனாகுலர், ஒரு நோட்டு. அனுமதி உள்ள ஒரு பாதையைத் தேர்ந்துகொண்டு அதையே பல மாதங்களில் நடப்பது, பத்து மலையைத் தலா ஒருமுறை பார்ப்பதைவிட அதிகம் கற்றுத்தரும். பறவைக்கு இபேர்ட், செடிக்கும் பூச்சிக்கும் ஐநேச்சுரலிஸ்ட், மரங்களுக்கு சீசன்வாட்ச் என்று பதிவு செய்ய இடங்கள் இருக்கின்றன. பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்க நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் யாரும் சேரலாம். போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைக்கும் பழக்கம் வேண்டாம். கூடு கட்டும் காலத்தில் அது, இல்லாத எதிரியோடு பறவையைச் சண்டைக்கு அனுப்புவது. காட்டுமாடு வழியில் நின்றால் சுற்றிப்போக இடம் தேடாமல் வந்த வழியே திரும்பி, அது நகரும் வரை காத்திருங்கள்.

இப்போது தொடங்குகிறவர் ஏற்காடு, கொல்லிமலை போன்ற கிழக்கு மலைகளில் ஜூன் முதல் செப்டம்பர் வரை நடந்து பார்க்கலாம் என்பது என் யோசனை. மழை மேற்கு மலைகள் அளவுக்குக் கொடுமையாக இருக்காது, பாதையில் கூட்டமும் இருக்காது. கேமராக்காரர்கள் அந்த மாதங்களில் வருவது குறைவு. ஆகவே உள்ளூர்ப் பறவைகள் எப்போது கூடு கட்டுகின்றன, எந்த மரம் எப்போது காய்க்கிறது என்று நீங்கள் எழுதி வைப்பது, குளிர்காலத்தில் நூறு பேர் எடுக்கும் ஆறுமணிக் குருவிப் படத்தைவிட நிச்சயம் ஆய்வாளர்களுக்கு உதவும்.